திருநாவலூர்ச் சாலைக்கு எந்த ஸ்மார்ட் கருவி முதலில் தேவை?

கேள்வி: எங்கள் ஊர் திருநாவலூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கெடிலம் கூட்டுரோட்டில் இறங்கி, பண்ருட்டி போகும் சாலையில் வந்தால் எங்கள் கடைத்தெரு. ஒரு காலத்தில் டவுன் பஸ்ஸும் சைக்கிளும் போன சாலை இது. இப்போது டிப்பர் லாரி, கரும்பு டிராக்டர், பள்ளி வேன், காலேஜ் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்குகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் சாலையைக் கடக்கப் படாதபாடு படுகிறார்கள். ஆடி சுவாதியில் சுந்தரர் குருபூஜை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் சாலைப் பாதுகாப்புக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தாரும் வந்து ‘ஸ்மார்ட் சாலை’ என்று படம் போட்டுக் காட்டினார்கள். வண்டிகளின் வரத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல், நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, எல்.இ.டி. அறிவிப்புப் பலகை, சோலார் பிளிங்கர் என்று நீண்ட பட்டியல். வியாபாரிகள் கேமரா வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் சிக்னல் வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது, யாரிடம் அனுமதி வாங்குவது?

– வாசகர் ஒருவர், திருநாவலூர்

பதில்: உங்கள் கடிதத்தில் கருவிகளின் பெயர்கள் இருக்கின்றன. விபத்து எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாருக்கு நடக்கிறது என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் செலவு செய்த மாநகரத் திட்டங்களும் சறுக்கியது இந்த இடத்தில்தான். ஆகவே அந்த நிறுவனத்தாரின் பட்டியலை ஒரு மாதம் மடித்து வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதற்குப் பணமும் அதிகம் ஆகாது.

முதலில் விபத்துப் பதிவுகள். சாலை விபத்துகளைக் கணினியில் ஏற்றும் வழக்கம் தமிழ்நாட்டில் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பிறகு சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து நாடு முழுவதற்குமான ‘ஐராட்’ என்ற பதிவு முறையை உருவாக்கின. அதை முதலில் சோதித்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சம்பவ இடத்துக்குப் போகும் காவலர் தன் கைப்பேசியிலேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் எடுத்து ஏற்றுகிறார். உங்கள் சாலையில் கடைசி மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்துகளை வரைபடத்தில் குறித்துத் தரும்படி மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு கொடுங்கள். ஆட்சியர் தலைமையில் கூடும் குழு அது. காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் இடம் என்பதால் ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பதிவோடு நின்றுவிடாதீர்கள். 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் ஏற்பட்ட ஐந்து விபத்துகள், இல்லையென்றால் பத்து மரணங்கள் நடந்தால்தான் ‘கரும்புள்ளி’ என்று மத்திய அமைச்சகத்தின் கணக்கில் ஏறும். உங்கள் கடைத்தெருவில் தினமும் நடக்கும் சிராய்ப்பும் சிறு காயமும் அந்தக் கணக்கில் வராது. மருந்துக் கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர், பள்ளி வாசலில் நிற்கும் வாட்ச்மேன் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஊர் வரைபடம் ஒன்றில் புள்ளி வையுங்கள். நான்கு பேரும் ஒரே வளைவைக் காட்டினால், விபத்து அங்கே காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு நாடு முழுவதும் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். நிறுவனத்தாரின் படத்தில் வரும் சாலையில் கார்கள் வரிசையாக ஓடும். உங்கள் சாலையில் அடிபடுகிறவர் பாலைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போகிறவரும், பையோடு நடந்து போகும் பிள்ளையும்தான். திட்டம் அவர்களை நடுவில் வைத்துத் தொடங்க வேண்டும்.

அடுத்தது வண்டி எண்ணிக்கையும் வேகமும். பக்கத்துக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருந்தால் போதும். சாதாரண வேலை நாள் ஒன்று, சந்தை நாள் ஒன்று, ஆடி சுவாதி நாள் என மூன்று நாட்கள், காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எண்ணச் சொல்லுங்கள். இருசக்கரம், ஆட்டோ, கார், பஸ், லாரி, டிராக்டர் என்று தனித்தனி. நேரே போகிறவை, திரும்புகிறவை, சாலையைக் கடக்கும் ஆட்கள் என்றும் பிரிக்க வேண்டும். கடப்பவர்களை எண்ணாமல் எடுக்கும் கணக்கெடுப்பை நான் எத்தனையோ அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கையை வைத்துப் போடும் சாலையில் நடப்பவருக்கு இடமே இருக்காது.

வேகத்துக்கு ரேடார் துப்பாக்கி தேவையில்லை. சாலை ஓரத்தில் 50 மீட்டரை டேப்பால் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். முதல் கோட்டிலிருந்து அடுத்த கோட்டை 4.5 நொடியில் கடந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர், 3 நொடியில் கடந்தால் 60, 2.25 நொடியில் கடந்தால் 80. நூறு வண்டிகளை இப்படிப் பிடித்து, வேகத்தின் ஏறுவரிசையில் எழுதி, 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். பொறியாளர்கள் சாலையின் உண்மையான வேகம் என்று எடுத்துக்கொள்வது அதைத்தான். பலகையில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்பது உங்கள் மனுவின் முதல் வரியாக இருக்கட்டும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். வயதான ஒருவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பார். ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க அவருக்கு ஏறக்குறைய 9 நொடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் பஸ் அந்த 9 நொடியில் 200 மீட்டர் ஓடிவிடும். அவர் கால் வைக்கும்போது 200 மீட்டருக்கு அப்பால் சின்னதாகத் தெரிந்த வண்டி, அவர் மறு ஓரத்தை எட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. பஸ் 40-இல் வந்தால் அதே நேரத்தில் 100 மீட்டர்தான். சாலையில் சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினாலே உயிர் போகும் விபத்துக்கான அபாயம் நான்கு விழுக்காடு கூடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உங்கள் கடைத்தெருவின் பிரச்சினை நெரிசலா, வேகமா என்று எண்ணிக்கை எடுத்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றூர்களில் நான் பார்த்த வரையில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நெரிசல், மற்ற நேரமெல்லாம் வேகம். இரண்டுக்கும் மருந்து வேறு.

இப்போது சிக்னலுக்கு வருகிறேன். பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் தானே நேரம் மாற்றும் சிக்னலை உங்கள் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையில் ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு இப்படிப்பட்ட சிக்னல்களைப் பெரிய சாலைகளில் அமைக்கும் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. சந்திப்பில் நிற்கும் வண்டிகளைக் கருவி எண்ணி, பச்சையின் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். அடுத்த சந்திப்புக்கும் செய்தி அனுப்பும். பக்கத்துப் பக்கத்தில் சந்திப்புகள் கோத்தாற்போல் இருக்கும் அண்ணா சாலை போன்ற இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. ஒற்றைச் சந்திப்பில் பேசுவதற்கு அடுத்த சிக்னலே கிடையாது. சாதாரண சிக்னல் வைக்கவும் இந்தியச் சாலைப் பேரவையின் 93-ஆம் எண் கையேட்டில் வரம்பு இருக்கிறது. நாளில் எட்டு மணி நேரத்தின் சராசரி வரத்து ஓர் அளவைத் தாண்ட வேண்டும். அந்த அளவு இல்லாத இடத்தில் சிக்னல் வைத்தால், மதியம் ஆளே இல்லாத பக்கத்துக்காக வண்டிகள் நிற்கும். ஒரு வாரத்தில் மக்கள் சிவப்பை மதிக்காமல் போகப் பழகுவார்கள். பிறகு பச்சையை நம்பிக் கடக்கும் பிள்ளைக்கு முன்பைவிட ஆபத்து கூடும்.

கோயம்புத்தூர் இதில் எதிர்த்திசையில் போன ஊர். 2022 வாக்கில் தொடங்கி அங்கே பல சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு, ரவுண்டானாவும் யூ-டர்னும் அமைத்தார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தது. நடந்து கடப்பவர்களுக்குச் சிரமம் வந்தது என்ற புகாரும் உண்டு, அந்தப் புகாரில் நியாயமும் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வருவது, சந்திப்பின் அமைப்பைச் சரி செய்தாலே கருவி செய்யும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பதைத்தான்.

ஆகவே பணத்தின் முதல் பங்கு மின்சாரமே தேவைப்படாத வேலைகளுக்குப் போகட்டும். ஊர் தொடங்கும் இடத்தில் இருபுறமும் பெரிய பெயர்ப் பலகையும், சாலையின் குறுக்கே ஒலி எழுப்பும் பட்டைக் கோடுகளும். பள்ளிக்கு எதிரே, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை. அது வேகத்தடையாகவும் வேலை செய்யும். அதற்குச் சற்று முன்னால் தெருவிளக்கு. விளக்கு கடவையின் பின்னால் இருந்தால் நடப்பவர் நிழலாகத்தான் தெரிவார், அதனால் வண்டி வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மையக்கோட்டில் ஒளியைத் திருப்பிக் காட்டும் ‘கேட்ஸ் ஐ’ பதிகள். பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பின் வாயிலிருந்து தள்ளி வைப்பது. பஸ் நிற்கும்போது அதன் முன்னால் புகுந்து கடக்கிறவர்களை, பின்னாலிருந்து பஸ்ஸை முந்தி வரும் வண்டியோட்டி பார்க்கவே முடியாது.

கரும்பு டிராக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள். பக்கத்தில் நெல்லிக்குப்பத்திலும் முண்டியம்பாக்கத்திலும் ஆலைகள். அரவைப் பருவம் வந்தால் இரவு முழுவதும் டிரெய்லர் ஓடும். பின்விளக்கு இருக்காது, இருந்தாலும் தொங்கும் கரும்புச் சோகை அதை மறைத்துவிடும். மணிக்கு 80-இல் வரும் வண்டியோட்டி எதிரே ஏதோ இருக்கிறது என்று உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 55 மீட்டர் ஓடியிருப்பார். முழுமையாக நிற்க 120 மீட்டர் என்று இந்தியச் சாலைப் பேரவையின் கணக்கு. ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஓட்டும்போது கறுத்த சுமை ஒன்று அவ்வளவு தூரத்தில் தெரியாது. டிரெய்லரின் பின்புறம் இரு ஓரங்களிலும், சோகை மறைக்காத உயரத்தில், சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவதுதான் நீங்கள் செய்யப்போகும் செலவுகளிலேயே மிக மலிவானது. பருவம் தொடங்கும் முன் ஆலையின் கரும்பு அலுவலரிடம் பேசி, வெட்டு உத்தரவு கொடுக்கும்போதே ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பின் கருவி வாங்குங்கள். நான் முதலில் கேட்பது, நியூசிலாந்தில் 2012 முதல் நாட்டுப்புறச் சந்திப்புகளில் வைத்துப் பார்த்த ஓர் ஏற்பாடு. கிளைச் சாலையில் வண்டி வருவதை உணரும் கருவி, முதன்மைச் சாலையில் முன்கூட்டியே நிற்கும் பலகையை ஒளிரச் செய்யும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகச் சாலையில், கிளையில் வண்டி வரும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் 70 என்று காட்டும். வண்டி இல்லாதபோது பலகை அணைந்திருக்கும். எப்போதும் மின்னிக்கொண்டே இருக்கும் பிளிங்கரை ஓட்டுநர்கள் இரண்டு வாரத்தில் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தேவைப்படும்போது மட்டும் எரிவதை நம்புகிறார்கள். உங்கள் ஊருக்கு ஏற்ப ‘சந்திப்பில் வண்டி வருகிறது’ என்று தமிழில் எழுதலாம். பள்ளிக் கடவையில் இதையே பொத்தானோடு இணைத்து, பிள்ளைகள் கடக்கும்போது ஒளிர வைக்கலாம். சில நொடிகளே எரிவதால் சோலாரிலும் ஓடும். அடுத்தது, வரும் வண்டியின் வேகத்தை அதன் ஓட்டுநருக்கே காட்டும் பலகை, ஊரின் இரு நுழைவிலும் ஒவ்வொன்று. அது அபராதம் போடாது. ஆனால் ஒவ்வொரு மணி நேரத்தின் வேகத்தையும் சேமித்து வைக்கும், உங்கள் சுண்ணாம்புக் கோட்டுக் கணக்கை ஆண்டு முழுவதும் தொடர்ந்து தரும்.

கேமரா விஷயத்தில் வியாபாரிகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நன்கொடையில் வாங்கி மாட்டிய கேமராவை வைத்து அபராதம் போட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, அந்தக் கருவிக்கு அரசு குறித்த அமைப்பின் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை வேண்டும். விதிமீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நீங்கள் வைப்பது திருட்டையும், இடித்துவிட்டு நிற்காமல் போகும் வண்டியையும் கண்டுபிடிக்கக் காவல் துறைக்கு உதவும் கேமராவாக இருக்கலாம். நுழைவுக்கு ஒன்று வீதம் இரண்டு போதும். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21 ஜி.பி.க்கு மேல், 30 நாளைக்கு 650 ஜி.பி. அளவுக்கு இடம் வேண்டும். பதினாறு கேமரா என்று படத்தில் காட்டினார்கள் என்றால், அதன் பதிவு எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பெண் பிள்ளைகள் தினமும் நடக்கும் சாலை அது. பதிவின் சாவி காவல் நிலையத்தில்தான் இருக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் அதன் நான்காவது ஆண்டைப் பற்றிக் கேட்காமல் வாங்காதீர்கள். நான் பார்த்த ஓர் ஊரில் சோலார் பிளிங்கர் கம்பத்தில் பேட்டரிப் பெட்டியின் கதவு திறந்து தொங்கியது. உள்ளே பேட்டரி இல்லை, மேலே தகட்டில் லாரிப் புழுதி மாப்பூச்சாகப் படிந்திருந்தது. அதை யார் பார்ப்பது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. பேட்டரி மாற்றுவது யார், தகட்டை மாதம் ஒரு முறை துடைப்பது யார், மின்கட்டணம் ஊராட்சியுடையதா, வேறு நிறுவனத்தின் உதிரிப்பாகம் அதில் பொருந்துமா என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி, பராமரிப்புக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் இதை மனம் விட்டுச் சொல்லலாம். கல்வெட்டில் பெயர் வரும் செலவுக்குக் கொடுப்பவர்கள், பேட்டரிக்கும் கொடுப்பார்கள், கேட்டால்.

அனுமதிக்கு முன் சாலை யாருடையது என்று உறுதி செய்யுங்கள். ஓரத்துக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. அதற்கு உரிய பொறியாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கம்பம்கூட நடக்கூடாது. சாலை ஓரத்தில் கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புக் கம்பம், சறுக்கி வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிரை எடுக்கும். நல்லெண்ணத்தோடு வைத்த கம்பமானாலும் அப்படித்தான்.

கெடிலம் கூட்டுரோடும் நெடுஞ்சாலையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. அங்கே பிரச்சினை என்றால் 1033-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி வையுங்கள். விபத்தைத் தானே கண்டுபிடிக்கும் கேமராக்களோடு கூடிய கண்காணிப்பு முறைக்கு ஆணையம் 2023-இல் கொள்கை வகுத்திருக்கிறது, அதைக் கேட்டு நீங்கள் எழுதலாம். ஆனால் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையை நான்குவழியாகப் போட்டுவிட்டு, ஊர்களின் புறவழிகளை மட்டும் இருவழியாக விட்டார்கள். நான்குவழி வேகத்தில் வந்தவர்கள் திடீரென்று எதிரே வண்டியைச் சந்தித்தார்கள். எத்தனையோ உயிர்கள் போன பிறகுதான் அகலப்படுத்தும் பணியைக் கையில் எடுத்தார்கள். அங்கே எத்தனை கேமரா வைத்திருந்தாலும் அந்த உயிர்கள் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று, இதற்குக் கருவியே வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விபத்தில் காயம்பட்டவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் கட்டணம் இல்லை. உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று சந்திப்பில் ஒரு பலகை வையுங்கள். ஆட்டோக்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். விபத்து நடந்ததும் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான்.

எண்ணிக்கைத் தாள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். சிக்னலுக்கான வரம்பைத் தாண்டுகிறதா என்று நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதோடு சந்திப்பின் நான்கு திசைப் படங்களும், சாலையின் மையக்கோட்டிலிருந்து இரு பக்கக் கடை வாசல் வரை எத்தனை மீட்டர் என்பதும் வேண்டும். கடை வாசலில் இருந்து டேப் பிடிக்கும்போது, தார் எங்கே முடிகிறது, மழைநீர் வடிகால் எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். உயர்த்திய கடவைக்கு அளவு போட அந்த இரண்டும்தான் முதலில் தேவைப்படும்.